ஏழாம் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா

அக்காவுக்கு என் முகம் தெரியாது. பத்துப் பதினைந்து வருடம் பழகியும் தெரியாது. செகந்திராபாத் மோண்டா மார்க்கெட்டில் கையில் பையோடு எதிரே வருவார். நான் பல் முழுவதும் தெரிகிற மாதிரி சிரிப்பேன். மின்கம்பத்தைத் தாண்டுவதுபோல என்னைத் தாண்டிப் போய்விடுவார். அதே நான் ஸ்கூட்டரில் போனால் போதும், தெருவின் அந்தக் கோடியிலிருந்தே குரல் வரும்.

"அட, நாப்பத்தொண்ணு முப்பது! நில்லு தம்பி, இந்தப் பூசணிக்காயை வண்டில வையி."

நாற்பத்தொன்று முப்பது என்பது என் ஸ்கூட்டரின் நம்பர். அக்காவின் உலகத்தில் மனிதர்களுக்கு முகம் கிடையாது, நம்பர்தான். பால்காரர் எட்டு எட்டு. எங்கள் பாதிரியார், அவரிடம் இருந்த பழைய மோட்டார் சைக்கிளின் தயவில், பூஜ்யம் ஒன்பது. "பூஜ்யம் ஒம்பது இன்னிக்குப் பிரசங்கத்தைச் சீக்கிரம் முடிச்சிட்டாரு" என்று அக்கா சொன்னால் யாரும் சிரிப்பதில்லை, எல்லோருக்கும் பழகிவிட்டது. நான் பழைய ஸ்கூட்டரை விற்றுப் புதியது வாங்கியபோது ஒரு மாதம் அநாதையாகத் திரிந்தேன். பிறகு, புது வண்டியையும் நாற்பத்தொன்று முப்பது என்றே வைத்துக்கொள்வதாக அக்கா பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டார்.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எங்களில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரம்பூரில் பிறந்தவர். அப்பா அங்கே ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். கல்யாணமாகி லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தார். கணவர் கூட்ஸ் வண்டி கார்டாக இருந்து, ஓய்வுபெற்று, ஒருநாள் சாப்பிட்ட கையோடு போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் சென்னையில். அக்கா தனியாக இரண்டு அறை வீட்டில், எதிலும் குறை சொல்லாமல், எல்லாரையும் எண்ணிக்கொண்டு இருந்தார்.

எண்ணுவது என்று சும்மா சொல்லவில்லை. கோயிலில் யாருக்காவது கல்யாணம் என்றால் எல்லோரும் முன் பெஞ்சுக்கு முண்டியடிப்பார்கள். அக்கா வாசல் கேட்டுக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருவார். கண்ணை இமைக்க மாட்டார். யார் பேசினாலும் முகத்தைத் திருப்பாமல் கேட்டைப் பார்த்தபடியே பதில் சொல்வார். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அப்பாவைக் கூப்பிட்டு, "சமையல்காரன் வண்டி ரெண்டு தடவை வெளியே போயிட்டு வந்துடுச்சு. போகும்போது கனமாப் போவுது, வரும்போது லேசா வருது. உன் பிரியாணி வேற எங்கயோ போவுதுப்பா" என்றார். போய்ப் பார்த்தார்கள். போயிருந்தது.

இன்னொன்று, அவர் எதையும் முன்கூட்டி நம்ப மாட்டார். என் பதவி உயர்வு உறுதியாகிவிட்டது என்று மேலதிகாரியே சொன்னதும் இனிப்போடு ஓடினேன். டப்பாவைத் திறக்காமல் ஓரமாக வைத்துவிட்டார். "கோடு தாண்டட்டும் தம்பி. தாண்டினா திங்கறேன்." அந்தப் பதவி உயர்வு கோடு தாண்டவில்லை. இனிப்பை நானே தின்றேன். எங்கள் வட்டாரத்தில் யாருக்குப் பெண் பார்த்தாலும், யார் வீடு வாங்கினாலும் அக்கா சொல்வது அது ஒன்றுதான். கோடு தாண்டட்டும்.

இந்தப் பழக்கங்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்பது எங்களுக்குத் தெரியும். அக்கா கல்யாணத்துக்கு முன்னால் சோழவரத்தில் கார் பந்தயங்களுக்குப் போனவர். அது யுத்த காலத்து விமான ஓடுபாதை. விமானங்கள் போனபிறகு வருடத்துக்கொரு முறை அங்கே கார்கள் பறந்தன. அப்பாவின் சிநேகிதர் ஒருவர் பந்தய ஏற்பாட்டில் இருந்தார். சுற்று எண்ணுகிற மேஜைக்கு அக்காவை அழைத்துக்கொண்டு போனார். வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் நீளமான மேஜை. ஆளுக்கு ஒரு கார். அந்த நம்பர் கோட்டைத் தாண்டுகிற ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போட வேண்டும். கம்ப்யூட்டர் கிடையாது, கேமரா கிடையாது. இந்த மேஜை சொல்வதுதான் தீர்ப்பு.

"மேஜை முழுக்க பொம்பளைங்கதான்" என்பார் அக்கா. "ஆம்பளைங்களை உக்கார வெச்சா அவனுங்க ரேஸைப் பார்க்க ஆரம்பிச்சுடுவானுங்க. நாங்கதான் நம்பரைப் பார்ப்போம்."

எங்கள் கூட்டத்தைப் பற்றி இப்போது சொல்லிவிடுகிறேன். செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு எதிர்வரிசையில் ஓர் இரானி ஹோட்டல். ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்தவர்களும் பூசைக்கே போகாதவர்களுமாக நான்கு பேர் அங்கே கூடுவோம். நான், பேகம்பேட்டில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற தெலுங்குக்காரர் ஒருவர், அவரைக் கர்னல் என்போம். நீலகிரி வெலிங்டனில் வருடக்கணக்காக இருந்ததால் தமிழ் பேசுவார், தமிழ் அதைத் தாங்கிக்கொள்ளும். தார்நாகாவில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானியாக இருந்த மூர்த்தி. பிறகு அக்கா. நால்வருக்கும் ஒரே பைத்தியம், கார் பந்தயம். பழைய ஓட்டுநர்களைப் பற்றிப் பேசுவோம். டீ ஆறும், மறுபடி டீ வரும்.

கர்னலிடம் ஒரு நல்ல கதை இருந்தது. ஊட்டி மலைப்பாதையில் கார் ராலி பார்க்க நின்றபோது, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு கையால் ஜனங்களுக்கு சலாம் வைத்துக்கொண்டே திருப்பிய ஓட்டுநர் ஒருவரைப் பற்றியது. கதை சொல்லும்போது கர்னலும் சலாம் வைப்பார், டீ கொண்டுவருகிற பையன் பதிலுக்கு சலாம் வைப்பான். என்னுடையது மட்டமான கதை. வழியில் நின்றுபோன ராலி கார் ஒன்றை நான் பின்னாலிருந்து தள்ளினேன், அது கிளம்பிப் போய்விட்டது. அவ்வளவுதான். இருந்தாலும் என் கண்ணால் பார்த்தது.

கண்ணால் பார்த்தது என்பதுதான் எங்கள் கூட்டத்தின் ஒரே சட்டம். அதற்குக் காரணம் மூர்த்தி. ஒரு தடவை ஐரோப்பாவில் மழையில் நடந்த பந்தயம் ஒன்றை அவர் அற்புதமாகச் சொன்னார். மழைத்துளி ஹெல்மெட் கண்ணாடியில் வழிகிறது, இவர் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். கர்னல் மெதுவாக அது எந்த வருடம் என்று கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தால் மூர்த்தி அப்போது கும்பகோணத்தில் மூன்றாம் வகுப்பு. எல்லாம் பத்திரிகையில் படித்தது. அன்றைக்கே தீர்மானம் போட்டோம். பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னால் வாய்ப்பூட்டு. கூட்டத்துக்கு வரலாம், டீ குடிக்கலாம், கேள்வி கேட்கலாம். கதை மட்டும் சொல்லக் கூடாது. மூர்த்தி அதன்பிறகு கேள்வி கேட்பவராக மட்டும் ஆகிவிட்டார். ஒரு விஞ்ஞானிக்கு அது பொருத்தமான தண்டனையாகவும் அமைந்துவிட்டது.

அக்காதான் எங்கள் மகாராணி. சோழவரத்து ஏழாம் நம்பர் கதையை அவர் எத்தனை தடவை சொன்னாலும் நாங்கள் புதிதாகக் கேட்பதுபோல உட்காருவோம். எங்கள் பக்கம் திரும்பாமல், ஹோட்டல் வாசலைப் பார்த்தபடியே சொல்வார்.

"ஏழாம் நம்பர் கோயமுத்தூர் பையன். பச்சைக் கலர் வண்டி. பாதி வண்டிய அவனே வெட்டி, அவனே ஒட்டினது. அவனும் பன்னெண்டாம் நம்பரும் மூக்கும் மூக்குமா வர்றானுங்க. கடைசிக்கு முந்தின ரவுண்டு. பின்பக்கம், அந்தக் கருவேலங்காட்டுப் பக்கம் போறான். அங்க போயி பானெட்டைக் கட்டியிருந்த தோல் பெல்ட்டு அறுந்துச்சு பாரு!"

இங்கே அக்கா வாயாலேயே ஒரு சத்தம் செய்வார். பெல்ட் அறுகிற சத்தம். அதற்குமுன் மூன்று கியர் மாற்றுகிற சத்தம் தனித்தனியாக வந்திருக்கும். பக்கத்து மேஜைக்காரர்கள் சமோசாவைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்ப்பார்கள்.

"பானெட்டு எழுந்து நின்னு கண்ணாடிய மறைச்சுடுச்சு. முன்னாடி ஒண்ணும் தெரியல. நிறுத்தினானா? நக்கோ! ஜன்னல் வழியா கழுத்தை நீட்டி, தலைய வெளிய விட்டுக்கிட்டு ஓட்டறான். மண்ணு கண்ணுல அடிக்குது, ஓட்டறான். கடைசி வளைவுல பிரேக்கு போட்டான் பாரு ஒரு பிரேக்கு, பானெட்டு தானா மூடிக்கிச்சு. டமார்!"

டமார் என்னும்போது மேஜையில் ஓர் அடி விழும். எங்கள் டீ சாசரில் கொட்டும். ஹைதராபாத் உருதுவின் நக்கோவும் ஹவ்வும், அதாவது இல்லையும் ஆமாவும், அக்காவின் பெரம்பூர்த் தமிழில் தாராளமாகக் கலந்து வரும். பந்தயத்தின் முடிவில் ஏழாம் நம்பர், பன்னிரண்டுக்குப் பின்னால், இரண்டாவதாக வருவான். "ரெண்டாவது" என்று சொல்லிவிட்டு அக்கா கைகளை மடியில் வைத்துக்கொள்வார். எப்போதும் இரண்டாவதுதான்.

மூர்த்தி ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அக்கா, மேஜை கோட்டுப் பக்கத்துல. கருவேலங்காடு பின்பக்கம். அங்கேருந்து பார்த்தா தெரியாதே?"

"உனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சுது" என்றார் அக்கா, வாசலைப் பார்த்தபடியே.

நாங்கள் விட்டுவிட்டோம். நல்ல கதை கைவசம் இருக்கும்போது யார் அதைத் துருவுவார்கள்? மூர்த்தி மட்டும் பேப்பர் நாப்கினில் ஒரு ஓடுபாதை வரைந்து, கோடுகள் இழுத்துப் பார்த்துவிட்டு, அதைக் கசக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இப்படியே போயிருக்கும். கர்னல்தான் கெடுத்தார். பேகம்பேட்டில் காலையில் நடக்கப் போகிற இடத்தில் ஒரு பெரியவரோடு பேச்சுக் கொடுத்திருக்கிறார். மகன் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் கோயம்புத்தூர்க்காரர். பேச்சுவாக்கில், சின்ன வயதில் சோழவரத்தில் கார் ஓட்டினேன் என்றாராம். என்ன நம்பர் என்று கர்னல் கேட்க, ஏழு என்றாராம்.

"அக்கா! வச்சே ஆதிவாரம், வர்ற ஞாயிறு, ஒரு கெஸ்ட் வர்றாரு. உங்க செவன் நம்பர்! நேரா இங்கயே!" என்று கர்னல் மேஜையைத் தட்டினார். அவருக்கு அக்காவை சந்தோஷப்படுத்த வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் கிடையாது.

அக்கா "ஹவ்?" என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனதை அன்றுதான் பார்த்தேன். மூர்த்தி, பாவம், அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அத்தனை வருடம் வாயைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், "பானெட் திறந்துதா இல்லையான்னு அவர் வாயாலேயே கேட்டுடலாம்" என்று கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அக்காவை அழைத்துவர லாலாகுடா போனேன். கதவு திறந்திருந்தது. பூசைக்குப் போட்ட நல்ல புடவையோடு அடுப்படியில் நின்று, யாருமே இல்லாத வீட்டில், ஒரு கூட்டத்துக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடு."

"காய்ச்சலாக்கா? எப்பலேருந்து?"

"இனிமேதான் வரப்போவுது."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அக்கா வடைச் சட்டியைப் பார்த்தபடியே பேசினார். "நான் பார்த்தது கோடு மட்டும்தான். பின்பக்கம் ஒரு மண்ணும் தெரியாது. அந்தப் பானெட்டு நானா சேர்த்தது."

எனக்கு அது பெரிய அதிர்ச்சியாக இல்லை. "சரி, அதனால என்னக்கா? சிரிச்சிட்டுப் போயிடுவாங்க."

"சிரிச்சா பரவால்ல. மூர்த்திய உக்கார வெச்ச மாதிரி என்னையும் உக்கார வெச்சுடுவீங்க. வாயைக் கட்டிட்டா நான் எதுக்கு வரணும் அங்க? வாரம் பூரா இந்த வீட்டுல யார்கிட்ட பேசறேன்? ஞாயித்துக்கிழமைக்குன்னுதான் இந்த வாய வெச்சிருக்கேன்."

அக்காவைத் தனிமை அண்டாது என்று நாங்களாக முடிவு செய்துகொண்டிருந்தோம். அவ்வளவு சத்தம் போடுகிறவர் வீட்டில் இத்தனை மௌனம் இருக்கும் என்று தோன்றியதே இல்லை. போக வேண்டாம் என்று நானே சொல்லியிருப்பேன். அதற்குள் அக்கா அடுப்பை அணைத்துவிட்டார்.

"வடைய டப்பாவுல போடு. ரேஸ் தொடங்கக் கொடி விழற நேரத்துல வண்டிய விட்டு எறங்கிப் போனவன்னு ஒருத்தனும் நம்ம மேஜைக் கணக்குல இல்ல."

ஹோட்டலில் கர்னல் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். விருந்தாளி உயரமான, ஒல்லியான பெரியவர். வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புகூடக் கலையவில்லை. எல்லோருக்கும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அக்கா வாசலைப் பார்த்தபடி கைகூப்பினார். இவர் ஒரு பழைய ரசிகை என்று மட்டும் கர்னல் சொல்லி வைத்தார், மற்றதை அப்புறம் சொல்லி ஆச்சரியப்படுத்துவதாகத் திட்டம்.

முதலில் விருந்தாளியே தன் பந்தயத்தைச் சொல்லட்டும் என்றார் மூர்த்தி.

"சொல்றதுக்கு என்னங்க இருக்குது? கெளம்புனோமுங்க. ஓட்டுனோமுங்க. வண்டி சூடாயிருச்சுங்க. ரெண்டாவதா வந்தனுங்க."

நாங்கள் காத்திருந்தோம். அவர் உஸ்மானியா பிஸ்கட்டை டீயில் நனைத்தார். "அவ்வளவுதானுங்களே" என்றார்.

கர்னலின் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. எத்தனை வருடமாக நாங்கள் கைதட்டிய வீரர், நான் கார் தள்ளிய கதையைவிட மட்டமாகச் சொல்லி முடித்துவிட்டார்.

"சார், அந்தப் பானெட்?" என்றார் மூர்த்தி.

"பானெட்டுக்கு என்னங்க?"

"திறந்துக்கிச்சே, பெல்ட் அறுந்து?"

"இல்லீங்களே. அன்னைக்குத்தான் புதுப் பெல்ட்டு போட்டமுங்க. நல்லாத்தானுங்க இருந்துச்சு."

நான் என் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டேன். மூர்த்தி சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், அவரும் ஏனோ தலையைக் குனிந்துகொண்டார். ஜெயித்தபிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அப்போது அக்கா வாசலிலிருந்து முகத்தைத் திருப்பினார். அவர் அப்படித் திரும்பி நாங்கள் பார்த்ததே இல்லை.

"கடைசிக்கு முந்தின ரவுண்டு" என்றார். "ஏன் லேட்டு?"

பெரியவர் கையிலிருந்த பிஸ்கட் உடைந்து டீயில் விழுந்தது.

"நீங்க யாருங்க?"

"யாரா இருந்தா என்ன? ஆரம்பத்துலேருந்து ஒரே சீரா வந்தீங்க. நான் கர்த்தர் கற்பித்த ஜெபம் நாலு தடவை சொல்லி முடிக்கவும் நீங்க கோடு தாண்டவும் சரியா இருக்கும். அந்த ஒரு ரவுண்டுல நாலு ஜெபமும் முடிஞ்சுது, நீங்க வரல. பன்னெண்டு போயிட்டான். மூணு வந்துட்டான். மறுபடி மொதல்லேருந்து சொன்னேன். பாதியில வந்தீங்க. வண்டி சூடானா ஒரேயடியா அப்படி லேட்டாவாது. அடுத்த ரவுண்டு பழையபடி பறந்தீங்க. மூணைத் தாண்டி, பன்னெண்டைத் துரத்திக்கிட்டுப் போனீங்க. சூடான வண்டி அப்படிப் பறக்குமா?"

பெரியவர் டீக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "அந்த மேசையில இருந்தீங்களா?"

"ஹவ். உங்க நம்பர் எனக்குத்தான்."

"ஒரு சுத்துக்கூட நீங்க என்ற மூஞ்சிய நிமிந்து பார்க்கலீங்க. நான் ஒவ்வொரு சுத்துக்கும் பார்த்துட்டுத்தான் போனனுங்க."

"மூஞ்சியப் பார்த்தா நம்பர் போயிடும்" என்றார் அக்கா. "சொல்லுங்க. ஏன் லேட்டு?"

அவர் சொன்னார். இந்தத் தடவை அவருக்குச் சொல்ல வந்தது. பதினொன்றாம் நம்பர் அவருடைய உயிர்ச் சிநேகிதன். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இனிமேல் பந்தய வண்டியைத் தொடுவதில்லை என்று மாமனாரிடம் சத்தியம் செய்துவிட்டு, வேறொருவன் பெயரில் அன்றைக்கு ஓட்டினான். கருவேலங்காட்டுப் பக்கம் அவன் வண்டி பாதையை விட்டு எகிறி, முள்ளுக்குள் குப்புற விழுந்தது. ஆபத்து என்று கொடி காட்ட வேண்டியவர் அந்த நேரம் பார்த்து நிழலுக்கு ஒதுங்கியிருந்தார்.

"நிறுத்தீட்டனுங்க. எறங்கி ஓடுனனுங்க. உள்ளார கெடக்கறானோ என்னமோன்னு குனிஞ்சு பாக்கறனுங்க. அவன் முள்ளுக்குள்ள இருந்து எந்திரிச்சு வந்து, 'எதுக்குடா நின்னே? மடையா, போடா, பன்னெண்டு போறான் பாரு' அப்படின்னு என்னைய அடிக்க வர்றானுங்க! சட்டையில ஒரு கையே இல்லீங்க. திரும்பி ஓடி வண்டியில ஏறுனனுங்க. அவன் அப்படியே ரோட்டுக்கு நடந்து, பஸ் ஏறி ஊருக்குப் போயிட்டானுங்க. நின்ன விசயத்தை யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கீட்டானுங்க. சொன்னா மாமனாருக்குத் தெரிஞ்சிரும் பாருங்க. நல்லா வாழ்ந்தானுங்க. போன வருசந்தான் போனான். அதுக்கப்புறமும் சொல்லலைங்க. யாரும் கேக்கலீங்களே."

அக்கா தன் நெற்றியில் பளாரென்று அடித்துக்கொண்டார்.

"ஐயோ ஏசுவே! பதினொண்ணு என் பக்கத்துல இருந்த பொண்ணுது. அப்புறம் அது வரவேயில்ல. வண்டி கெட்டுப்போச்சுன்னு எழுதிட்டு அவ முறுக்கு தின்ன ஆரம்பிச்சுட்டா. நான் ஏழைப் பார்த்தேன், அவ பதினொண்ணைப் பார்த்தா. ஒருத்தி பக்கம் ஒருத்தி திரும்பியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். திரும்பக் கூடாதே!"

"பானெட்டுன்னு என்னமோ சொன்னாங்களே?" என்றார் பெரியவர்.

அக்கா அவர் முகத்தைப் பார்த்தே சொன்னார். "மேஜைக்குப் பின்னாடி நின்ன ஆம்பளைங்க சிரிச்சானுங்க. ஏழு பயந்துட்டான், அதான் ஆக்ஸிலரேட்டர்லேருந்து காலை எடுத்துட்டான்னு. அவ்வளவு சீரா வர்ற பையன் பயப்பட மாட்டான்னு எனக்குத் தெரியும். ஆனா சாட்சி சொல்ல எங்கிட்ட என்ன இருக்கு? லேட்டா வந்ததுக்கு ஒரு காரணம் வேணும். அதான் பானெட்டைத் திறந்துவிட்டேன். அப்பலேருந்து பார்க்கற ஆள்கிட்டல்லாம் சொல்லிக்கிட்டு வர்றேன்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கர்னல் ஜன்னல் பக்கம் திரும்பி இல்லாத தூசியைக் குறை சொன்னார். எனக்கு அழுகை வந்தது, வெட்கப்படாமல் சொல்கிறேன். சட்டப்படி தீர்ப்பு சொல்ல வேண்டியவர் மூர்த்தி என்று ஏனோ எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் கையை உயர்த்தினார்.

"சட்டத்தை எடுத்துடலாம்" என்றார். "ஆனா எடுத்தா எல்லாருக்கும் எடுக்கணும்."

அன்றைக்கே எடுத்தோம். அடுத்த ஞாயிறு மூர்த்தி ஐரோப்பாவில் தொப்பலாக நனைந்தார். நாங்கள் குடை கேட்டோம்.

பெரியவர் அதன்பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. வந்து உட்கார்ந்ததும், "பானெட்டைத் தெறங்கக்கா" என்பார். சிநேகிதன் கதை நம்மோடு இருக்கட்டும் என்றார், பேரன் பேத்திகளுக்குப் பானெட் கதையைத்தான் சொல்லி வைத்திருப்பதாகவும் ஒப்புக்கொண்டார். அக்கா இப்போது அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து சொன்னார். செகந்திராபாத்தில் அக்காவுக்குத் தெரிந்த ஒரே முகம் அவருடையதுதான். மார்க்கெட்டில் கூட்டத்துக்கு நடுவே அவரைக் கண்டுபிடித்து நலம் விசாரிப்பார், பக்கத்தில் நிற்கிற என்னைத் தாண்டிப் போய்விடுவார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

முட்டிவலி அதிகமானபோது மகள் வந்து அக்காவைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டாள். வழியனுப்ப ஸ்டேஷனுக்கு எல்லோரும் போனோம். மாலை வெயில் பிளாட்பாரத்தில் நீளமாக விழுந்திருந்தது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். கர்னல் சலாம் வைத்தார், மூர்த்தி பிஸ்கட் பொட்டலம் கொடுத்தார்.

"நாப்பத்தொண்ணு முப்பது வரலியா?" என்று அக்கா என்னிடமே கேட்டார்.

"வருவான்கா, வண்டி நிறுத்த எடம் தேடறான்" என்றேன்.

ரயில் அசைந்தது. பெரியவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். மகள் பதறினாள், அவர் விடவில்லை.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறனுங்க. சென்னையில போயிச் சொல்லுவீங்கல்ல? பானெட்டை இஷ்டத்துக்குத் தெறந்தீங்க, கழுத்தை நீட்ட வெச்சீங்க, மண்ணை அடிச்சீங்க. ஒரே ஒரு தடவை என்னைய மொதல்ல வர வைக்கப்படாதுங்களா?"

அக்கா சிக்னலை விட்டுவிட்டு அவரை நன்றாகத் திரும்பிப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"நக்கோ! பின்பக்கம் நான் என்ன வேணா பண்ணுவேன். கோடு நான் பார்த்தது. ரெண்டாவதுதான்!"